சம்பந்தி காரின் வைப்பர்

எனக்கு நேற்று நல்ல தூக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தப்பு செய்தவனுக்குப் படுத்தால் தூக்கம் வராது, சாப்பாடு தொண்டையில் இறங்காது என்றெல்லாம் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒழுங்காக நடக்கின்றன. தலையணையில் தலை வைத்ததுதான் தெரியும், விடிந்துவிட்டது. நீயும் நன்றாகத் தூங்கினாய் என்று உன் அம்மா சொன்னாள். ஆக, இருவரும் தெளிவாக இருக்கிறோம். பேசலாம்.

இன்றைக்கு உனக்குத் தடுப்பூசி. அது என்னவென்று உனக்குத் தெரியாமல் இருப்பது இப்போதைக்கு நல்லது. உன் அம்மா உள்ளே பை கட்டிக்கொண்டிருக்கிறாள். "கொஞ்ச நேரம் பாத்துக்கோங்கப்பா" என்று உன்னை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். பார்த்துக்கொள்ளத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நீதான் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். கண் இமைக்காமல், ஒரு வார்த்தை பேசாமல், வாயில் எச்சில் ஒழுக. போலீஸ்காரர்கள் விளக்கு வைத்துக் கேட்டால்கூட நான் வாய் திறந்திருக்க மாட்டேன். இந்தப் பார்வைக்கு என்னால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. மெதுவாகவே சொல்கிறேன். நீ அழுதால் உன் அம்மா வந்துவிடுவாள்.

உன் அப்பாவைப் பெற்றவரை நான் சம்பந்தி என்று கூப்பிடுவேன். அவரும் என்னை அப்படித்தான். தங்கமான மனிதர். இதை ஒப்புக்குச் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தியவர். கடையை மூடிய பிறகும் சட்டைப் பையில் ஒரு மஞ்சள் துணி வைத்திருப்பார். எதிரில் இருப்பவர் கண்ணாடி மங்கலாகத் தெரிந்தால் போதும், கேட்காமலே கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டிவிடுவார். என் கண்ணாடியைத் துடைத்த கணக்கே இல்லை. அப்படிப்பட்டவரிடம் ஒரே ஒரு குறை உண்டென்றால் அது அவருடைய கார்.

வயதில் உன் அம்மாவுக்கே மூத்த கார். துருப்பிடித்த கூடாக வாங்கிவந்து, கதவு ஒரு பக்கமிருந்தும் விளக்கு ஒரு பக்கமிருந்தும் தேடிப் பிடித்து, கிளிப்பச்சை பெயிண்ட் அடித்து, மகாராணி என்று பெயரும் வைத்திருந்தார். அவர் வீட்டுக்கு யார் போனாலும் முதலில் மகாராணியைப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் குடிக்கத் தண்ணீரே கிடைக்கும். என்னுடைய கார் சின்னது, சாம்பல் நிறம், பெயர் கிடையாது. சாவி போட்டால் கிளம்பும், அவ்வளவுதான்.

சம்பந்திகளுக்குள் ஒரு மரியாதை உண்டு. ஒருவர் செய்ததை மற்றவர் குறை சொல்லக் கூடாது. டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பே விழுந்திருந்தாலும் "பிரமாதம்" என்று குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். நான் செய்த காரியம் இத்தனை தூரம் போனதற்கு இந்த மரியாதையும் ஒரு காரணம். என்னை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

நீ உன் அம்மா வயிற்றில் இருந்த சமயம், எல்லோரும் சம்பந்தி வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அவர் சொன்னார்: "என் பேரப்புள்ள ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு மகாராணியிலதான் வரும்."

உன் அம்மா உடனே சொன்னாள்: "வைப்பர் ஓடினாத்தான் மாமா. பிரசவம் நல்ல மழைக்காலத்துல வருது. மழையில முன்னாடி என்ன இருக்குன்னே தெரியாத வண்டியில என் பிள்ளைய ஏத்த மாட்டேன். அப்பா வண்டி இருக்கவே இருக்கு."

அந்தக் காரில் எல்லாம் முடிந்திருந்தது, வைப்பர் மோட்டாரைத் தவிர. அது மட்டும் செத்துக் கிடந்தது. சம்பந்தி எழுந்து போய் அந்த மோட்டாரைத் துணியில் சுற்றி எடுத்துவந்து என் இரண்டு கைகளிலும் வைத்தார். நான் ஆயுள் முழுக்க ஒரு தொழிற்சாலையில் மோட்டார்களைப் பிரித்துக் கோர்த்தவன். மோட்டார் டாக்டர் என்று அங்கே பெயர். "உங்க கை பட்டாப் போதும் சம்பந்தி" என்றார். போட்டியில் எதிரே நிற்பவனிடமே செருப்பைக் கொடுத்துத் தைத்துத் தரச் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

போட்டி என்று ஏன் சொல்கிறேன் என்றால், உன் அம்மா பிறந்து வீட்டுக்கு வந்த அன்று நான் இல்லை. தொழிற்சாலையில் பெரிய பம்பு மோட்டார் ஒன்று புகைந்துவிட்டது, விடமாட்டோம் என்றார்கள். உன் அம்மாவின் தாய்மாமன்தான் தன் வண்டியில் அவளைக் கொண்டுவந்து இறக்கினான். இன்று வரைக்கும், நாலு பேர் கூடினால் போதும், "நான்தான் மொதல்ல கூட்டிட்டு வந்தேன்" என்று ஆரம்பித்துவிடுவான். நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளே எரியும். உன்னை நான் கூட்டிவர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ரொம்ப ஆசைப்பட்டேன். அதில் தப்பு ஒன்றும் இருப்பதாக எனக்கு இப்போதும் தெரியவில்லை.

மோட்டாரை நான் உண்மையாகவே சரிசெய்தேன். இது முக்கியம், கவனித்துக்கொள். தேய்ந்த கார்பன் பிரஷ்ஷை மாற்றினேன், கெட்டித்துப்போன கிரீஸை வழித்து எடுத்துப் புதிது வைத்தேன், மேல்கூட்டுக்கு அழகாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். சம்பந்தி வீட்டு மேஜையில் வைத்து, பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் கொடுத்தால், தேன்வண்டு மாதிரி ஓடியது. சம்பந்தி கைதட்டினார். காரில் பொருத்தினோம். அசையவில்லை.

இதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது, பொறுமையாகக் கேள். மோட்டாருக்குள் மின்சாரம் ஒரு ஒயர் வழியாக வரும். திரும்பிப் போக இந்தப் பழைய கார்களில் தனி ஒயர் கிடையாது. மோட்டாரின் இரும்பு காரின் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும், அந்த வழியாகத் திரும்பிவிடும். அதைத்தான் எர்த் என்பார்கள். சம்பந்தி காரில் போல்ட் துளை வரைக்கும் விடாமல் கிளிப்பச்சை அடித்திருந்தார். நான் மோட்டாரில் கறுப்பு அடித்திருந்தேன். இரண்டு பெயிண்டுக்கும் நடுவில் இரும்பு இரும்பைத் தொடவே இல்லை. உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்தால் வேலை முடிந்தது. பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன சம்பந்தி, என்னவா இருக்கும்?" என்று கேட்டார்.

"ம்" என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. பொய் சொல்லவில்லை. "ம்" என்பதில் பொய் எங்கே இருக்கிறது? என் வாயிலிருந்து வந்தது அந்த ஓர் எழுத்துதான். மற்றதெல்லாம் அதன்மேல் தானாக வளர்ந்தது.

காருக்கு ஒயர் இழுத்துக் கொடுத்த வயரிங்காரர் ஒருவர், சம்பந்திக்கு வெகுகால நண்பர். விஷயம் கேள்விப்பட்டு வந்தார். வந்ததும் வராததுமாக, "எர்த் வருதான்னு பாத்தீங்களா?" என்றார். ஆள் கெட்டிக்காரர்தான். நான் அவரைப் பார்க்காமல் ஒயர்க் கட்டையே பார்த்துக்கொண்டு, "மோட்டார் மேஜையில ஓடுது. இதுக்கு மேல யார் கை எங்க பட்டிருக்கோ, நான் எப்படிச் சொல்றது" என்றேன். குரலை உயர்த்தவில்லை. வயரிங்காரருக்கு முகம் சிவந்தது. சம்பந்திக்குத் தர்மசங்கடம், நண்பர் பக்கம் பேசினால் சம்பந்தியைக் குறை சொன்னதாகிவிடும். "நீ கொஞ்சம் சும்மா இருப்பா, அவருக்குத் தெரியாததா" என்றார். வயரிங்காரர் தன் பையை எடுத்துக்கொண்டு போனவர்தான். இரண்டு பேருக்கும் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. அங்கே உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். எனக்கு அவர்மீது எந்த வருத்தமும் கிடையாது.

பிறகு ஒரு நாள் ஒரு விபரீதம் நடந்தது. சம்பந்தி தானாகவே போல்ட்டுகளை இறுக்கு இறுக்கென்று இறுக்கியதில் பெயிண்ட் உரிந்து, வைப்பர் ஓட ஆரம்பித்துவிட்டது. ஃபோன் செய்து, "ஓடுது சம்பந்தி, ஓடுது" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். இரண்டு வைப்பரும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. சம்பந்தி என்னைக் கட்டிக்கொண்டு, "எல்லாம் உங்க கை ராசி" என்றார். நீ பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

"நல்லாத்தான் ஓடுது. ஆனா அதிருது பாத்தீங்களா?" என்றேன். அதிரவில்லை. ஆனால் நான் சொன்ன பிறகு அவருக்கு அதிர்வது போலத் தெரிந்தது. மோட்டாரைக் கழற்றி, உரிந்த இடத்தில் மறுபடி பெயிண்ட் அடித்து, மோட்டாரின் ஒவ்வொரு காலுக்கும் அடியிலும் மேலுமாகத் தடித்த ரப்பர் வாஷர் வைத்து, போல்ட்டுக்கும் ரப்பர் குழாய் மாட்டினேன். ரப்பர் வைப்பது தப்பில்லை, பல கார்களில் வைப்பார்கள்தான். வைத்தால் கூடவே தனியாக ஒரு எர்த் ஒயர் கொடுக்க வேண்டும். அதை நான் கொடுக்கவில்லை. ரப்பரை அழுத்திப் பார்த்துவிட்டு சம்பந்தி, "இந்த நுணுக்கமெல்லாம் அனுபவசாலிக்குத்தான் வரும்" என்று சொல்லி, நான் செய்வதையெல்லாம் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். நானும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவர் அடியோடு நம்பிக்கை இழந்துவிடக் கூடாது என்பதிலும் கவனமாக இருந்தேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அவ்வப்போது சோதிப்பதற்கென்று, மேஜையில் செய்த மாதிரியே பேட்டரியிலிருந்து நேராக இரண்டு ஒயர் கொடுத்து ஓட வைப்பேன். ஆனால் முன்கூட்டியே வைப்பர் தண்டுகளை இடம் மாற்றி மாட்டியிருப்பேன். ஒருமுறை இரண்டும் கண்ணாடி நடுவில் சந்தித்துக் கைகுலுக்கிக்கொண்டு, விடாமல் அப்படியே நின்றன. இன்னொருமுறை நிறுத்தியதும் ஒரு வைப்பர் ஓட்டுபவர் மூக்குக்கு நேரே நட்டமாக நின்று, கீழே இறங்க மாட்டேன் என்றது. சம்பந்தி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் இப்படி எட்டிப் பாத்தா ரோடு தெரியுது சம்பந்தி" என்றார். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

குற்றம் மோட்டாரில் இல்லை என்று முடிவானால் அது காரில்தானே இருக்க வேண்டும். சம்பந்தி காரைப் பிரிக்க ஆரம்பித்தார். டேஷ்போர்டு வெளியே வந்தது. சீட்டுகள் வெளியே வந்தன. உள்ளிருந்த ஒயர்களையெல்லாம் உருவி, வீட்டுக் கூடத்தில் துணிக்கொடி கட்டிக் காயப்போட்டு, ஒவ்வொன்றாகச் சோதித்தார். சம்பந்தியம்மா அடுப்படிக்கும் வாசலுக்கும் குனிந்து குனிந்து நடந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் எத்தனை நாளைக்குங்க இந்தக் கூத்து?" என்று கேட்டால், "அவர் வேலையெல்லாம் விட்டுட்டு நமக்காக வந்து நிக்கிறார், பேசாம இரு" என்று சம்பந்தி அடக்குவார். நான் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் தன் கையால் பார்த்துப் பார்த்துச் சேர்த்த காரைத் தன் கையாலேயே போல்ட் போல்ட்டாகக் கழற்றிக் கீழே வைப்பார். நான் வெளிச்சத்தைச் சரியாகக் காட்டுவேன்.

நீ பிறந்தபோது மகாராணி வெறும் கூடாக நின்றது.

உன்னை வீட்டுக்கு அனுப்பப்போகும் நாளுக்கு முதல் நாள், சம்பந்தி என் காரைக் கேட்டார். கடைக்குப் போக வேண்டும் என்றார். பாவம், அவர் கார்தான் கூடத்தில் கொடியில் தொங்குகிறதே என்று கொடுத்தேன். சாயங்காலம் கொண்டுவந்து விட்டார். கண்ணாடியெல்லாம் பளபளவென்றிருந்தது. மஞ்சள் துணியின் வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்ததும் மழை கொட்ட ஆரம்பித்தது. நான் ஆசைப்பட்டுக் கேட்டிருந்தால்கூட அத்தனை நல்ல மழை கிடைத்திருக்காது. ஆஸ்பத்திரி வாசலில் கூரைக்குக் கீழே என் கார் நின்றது. பின் சீட்டில் உன் அம்மா, அவள் கையில் நீ, பக்கத்தில் என் மனைவி. முன் சீட்டில் சம்பந்தி. மகாராணியில் உன்னைக் கொண்டுபோக முடியாத வருத்தத்தை அவர் முகத்தில் காட்டவே இல்லை. உன் அப்பா வீட்டைத் திறந்து வைக்க முன்னாலேயே கிளம்பிவிட்டார். திரும்பி ஒருமுறை உன்னைப் பார்த்தேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். நெஞ்சு நிறைந்துவிட்டது. வண்டியைக் கிளப்பி, வைப்பர் குமிழைத் திருகினேன்.

டிக் என்றது. வைப்பர் அசையவில்லை.

"சம்பந்தி, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றார் அவர். முகத்தில் அப்படி ஒரு வெட்கமும் சந்தோஷமும். "நேத்து வண்டிய கடைக்குப் போகவா வாங்கினேன்? எனக்காக இவ்வளவு பாடுபட்டீங்க, பதிலுக்கு நான் ஒண்ணுமே செய்யலயேன்னு மனசு அடிச்சுக்கிச்சு. உங்க வைப்பர் மோட்டாரக் கழட்டி, துருவெல்லாம் சுரண்டி, நல்லா பெயிண்ட் அடிச்சு, ரப்பர் வாஷர் வெச்சு மாட்டியிருக்கேன். எல்லாம் நீங்க சொல்லிக்கொடுத்தபடியே."

"ஓட்டிப் பாத்தீங்களா?" என்றேன்.

"மேஜையில வெச்சுப் பாத்தேன். தேன்வண்டு மாதிரி ஓடிச்சு."

என் கையெட்டும் தூரத்தில், டேஷ்போர்டு அறைக்குள், ஒரு துண்டு ஒயர் இருந்தது. நான் எப்போதும் வைத்திருப்பேன். பானெட்டைத் திறந்து, ஒரு முனையை மோட்டாரிலும் இன்னொரு முனையைக் காரின் இரும்பிலும் முடுக்கினால் வேலை முடிந்தது. நனையக்கூட நேரம் இருந்திருக்காது. ஆனால் சம்பந்தி கூடவே இறங்கி வந்து பார்ப்பார். பார்த்தால், இதே ஒயரை மகாராணிக்கு ஏன் போடவில்லை என்று நினைப்பார். கேட்க மாட்டார், மரியாதைக்காரர். ஆனால் நினைப்பார். ஆயுள் முழுக்கக் கண்ணாடி போட்டுப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவருக்கு இது தெரியாமல் போகாது.

"அப்பா, என்ன ஆச்சு?" என்று உன் அம்மா பின்னாலிருந்து கேட்டாள்.

மழையைப் பார்த்தேன். பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் உன் முகத்தைப் பார்த்தேன்.

"ம்" என்றேன்.

"மோட்டார் டாக்டர்னு பேரு. ஒரு குடும்பத்துல ரெண்டு வண்டி, ரெண்டுலயும் வைப்பர் ஓடல" என்றாள் உன் அம்மா. ஃபோனை எடுத்து வாடகைக் கார் கூப்பிட்டாள். அது வந்தது. அதன் வைப்பர் ஓடியது. உன்னையும் என் மனைவியையும் ஏற்றிக்கொண்டு உன் அம்மா போய்விட்டாள். உன்னை முதன்முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தவர், காதில் பஞ்சு வைத்திருந்த ஒரு டிரைவர். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. உன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாரோ என்னவோ.

நாங்கள் இருவரும் திரும்பி வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சம்பந்தி ஜன்னலை இறக்கி, பாதி உடம்பை வெளியே நீட்டி, மஞ்சள் துணியால் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். நான் நடக்கிற வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்தேன். "ஒயர ஒயரா பிரிச்சுப் பாத்துடுவோம் சம்பந்தி. ரெண்டு பேரும் சேர்ந்தா கண்டுபிடிக்க முடியாதா என்ன?" என்று மழைக்குள்ளிருந்து சொன்னார். காது, மூக்கு எல்லாம் தண்ணீர் சொட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டேஷ்போர்டு அறையை நான் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் திருந்திவிட்டேன். இதைத்தான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல வந்தேன். சம்பந்தி ராப்பகலாக உட்கார்ந்து மகாராணியைத் திரும்பக் கோர்த்துவிட்டார். வைப்பர் மட்டும் இன்னும் ஓடவில்லை. இன்று உன்னை ஊசிக்குக் கூட்டிப்போகக் கொண்டுவந்து கீழே நிறுத்தியிருக்கிறார். என் காரும் பக்கத்தில்தான் நிற்கிறது. நேற்று ஒரே அளவில் இரண்டு எர்த் ஒயர் வெட்டினேன், ஒவ்வொரு காருக்கும் ஒன்று. கெட்ட எண்ணம் உள்ளவன் இரண்டு வெட்டுவானா? காலையில் யாரும் பார்க்காத நேரத்தில் முதல் ஒயரை என் காரில் பொருத்தினேன். வைப்பர் ஓடியது. இரண்டாவதை எடுத்துக்கொண்டு மகாராணி பக்கம் போனபோது தூற ஆரம்பித்துவிட்டது. நனைந்தால் எனக்குச் சளி பிடிக்கும். அது உனக்குத் தொற்றும். தாத்தா என்று சொல்லிக்கொள்கிறவன் அப்படிச் செய்யலாமா? மேலே வந்துவிட்டேன். ஒயர் இதோ, சட்டைப் பையில்தான் இருக்கிறது. பிடித்து இழுக்காதே.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரியும். சம்பந்தி குடைக்குள் நின்றுகொண்டு மகாராணியின் முன்கண்ணாடியை மஞ்சள் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறார். துடைக்கத் துடைக்க மழை விழுகிறது.

உன் அம்மா உள்ளேயிருந்து கேட்கிறாள்: "அப்பா, வெளியில மழை வருதே, எந்த வண்டியில போறது?"

"பாப்பா எதுல ஆசைப்படுதோ அதுல போவோம்மா" என்று சொல்லிவிட்டேன்.

நீ சிரிக்கிறாய். என் காரில் வருகிறேன் என்று சொல்கிறாய், எனக்குப் புரிகிறது. சம்பந்தியிடம் நான் எடுத்துச் சொல்லிக்கொள்கிறேன். அவர் தப்பாக நினைக்க மாட்டார். உன் விருப்பத்துக்கு மாறாக நான் இன்று வரைக்கும் எதையும் செய்ததில்லை.